இசக்கியம்மாளுக்கு நான் வைத்த ஒத்தடம்

1. பதினாறாம் நாள்

இசக்கியம்மாள் என்னிடம் சிகிச்சைக்கு வந்த பதினாறாம் நாள் கீழே விழுந்தாள். விழுந்தது என் கிளினிக்கில், என் கண் முன்னால், நான் கொடுத்த சிகிச்சை முடிந்து ஐந்து நிமிடம்கூட ஆகாதபோது.

சங்கரன்கோவிலில் இருபத்தாறு வருடம் பிசியோதெரபிஸ்டாக வேலை பார்த்துவிட்டுப் போன தை மாதம்தான் கடையை மூடினேன். கிளினிக்கைக் கடை என்று சொல்லாதே என்று என் வீட்டுக்காரர் கோபப்படுவார். எனக்கு வாயில் அப்படித்தான் வருகிறது. நல்லபடியாக முடிந்த கேஸ்களைப் பற்றி எழுதச் சொன்னால் எழுதிக்கொண்டே போகலாம். ஆனால் இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு என் பெருமையால் ஒரு பிரயோசனமும் கிடையாது. அதனால் நான் சொதப்பிய கதையைச் சொல்கிறேன்.

இது நடந்தது கடையை மூடுவதற்குச் சில வருடங்கள் முன்னால். இசக்கியம்மாளுக்கு அப்போது முப்பத்துநான்கு வயது. அவள் வீட்டுக்காரர் பரமசிவனுக்குச் சொந்தமாக நாலு விசைத்தறி. இவளுக்குப் பாவு பிணைக்கிற வேலை. பாவு என்பது தறியில் நீளவாக்கில் ஓடுகிற நூல்வரிசை. தறியில் ஒரு பாவு ஓடி முடிந்ததும், பழைய பாவின் ஒவ்வொரு இழை நுனியோடும் புதுப் பாவின் ஒவ்வொரு இழை நுனியையும் சேர்த்து, விரலில் சாம்பல் தொட்டு, முறுக்கி ஒட்ட வேண்டும். சேலைப் பாவு என்றால் நாலாயிரத்துச் சொச்சம் இழை. பெருவிரலும் ஆள்காட்டி விரலும் கண்ணை நம்பாமல் தானாகவே வேலை செய்ய வேண்டும். பக்கத்துத் தெருத் தறிகளுக்கும் இவளைத்தான் கூப்பிடுவார்கள்.

அந்த மாசியில் ஒரு வாரத்துக்குள் அவளுடைய வலது கை மரத்துப்போய், வலது காலும் இழுக்க ஆரம்பித்தது. அதற்கு முந்தைய வருடம் ஒரு கண் மங்கி, பிறகு அதுவாகவே தெளிந்திருக்கிறது. கண்ணாடிக் கடையில் கேட்டதோடு விட்டுவிட்டார்கள். இந்தத் தடவை திருநெல்வேலிக்குப் போய் ஸ்கேன் எடுத்து, மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்கிற நரம்பு நோய் என்று கண்டுபிடித்து, ஐந்து நாள் ஸ்டீராய்டு டிரிப் ஏற்றி, மேற்கொண்டு அந்த நோயின் அட்டாக் வராமலிருக்க மருந்தும் எழுதி அனுப்பியிருந்தார்கள். டிஸ்சார்ஜ் சீட்டின் கடைசி வரியில் ‘பிசியோதெரபி’ என்று ஒற்றை வார்த்தை இருந்தது.

அந்த ஒற்றை வார்த்தைக்கு எங்கள் ஊரில் ஒரே அர்த்தம்தான். கரண்ட் வைப்பது, ஒத்தடம் கொடுப்பது. என்னையே ‘கரண்ட் வைக்கிற அக்கா’ என்றுதான் ஊரில் சொல்வார்கள். கடை திறந்த புதிதில், பனவடலிசத்திரத்திலிருந்து தோள்பட்டை வலியோடு வந்த ஓர் அண்ணாச்சிக்கு நான் புத்தகத்தில் படித்தபடி உடற்பயிற்சி மட்டும் சொல்லிக்கொடுத்தேன். “கையத் தூக்கு, இறக்குன்னு சொல்லதுக்கா தாயி நான் பஸ் ஏறி வந்தேன்? அத வீட்ல எம் பொண்டாட்டியே சொல்லுவாளே. ஒத்தடத்த வையி” என்று சத்தம் போட்டார். வைத்தேன். மறுநாள் இன்னும் மூன்று பேரைக் கூட்டிக்கொண்டு வந்தார்.

அன்றிலிருந்து அதுவே என் கடையின் முறை ஆகிவிட்டது. யார் வந்தாலும் முதலில் சூடு, அப்புறம்தான் மற்றதெல்லாம். மூட்டு வலிக்கும் முதுகு வலிக்கும் அது கெடுதல் இல்லை. கெடுதல் இல்லாத ஒன்றை வருடக்கணக்காகச் செய்துகொண்டே இருந்தால், யாருக்குக் கெடுதல் என்று கேட்கிற பழக்கமே போய்விடும்.

முதல் இரண்டு வாரம் மாசிக் கடைசி, பங்குனித் தொடக்கம். காலையில் வருவாள். கைக்கு மட்டும் உருக்கிய மெழுகில் லேசாக ஒத்தடம் வைத்தேன். பெருவிரல் சுண்டுவிரலைத் தொட்டது. காலும் தரையில் இழுபடாமல் எழும்ப ஆரம்பித்தது. அவளைவிட எனக்குத்தான் சந்தோஷம் அதிகம்.

பதினாறாம் நாள் அவள் மதியம் பன்னிரண்டு மணிக்கு வந்தாள். வெயில் பொசுக்கியது. “முதுகும் பாரமா இருக்கு அக்கா” என்றாள். தாராள மனசோடு முதுகுக்கு ஒரு ஹாட் பேக், இரண்டு தொடைக்கும் இரண்டு, கை மெழுகுத் தொட்டியில் என்று வைத்துவிட்டேன். வைத்த கொஞ்ச நேரத்தில் கரண்ட் போய்விட்டது. ஃபேன் நின்றது. பேக் ஆறுவதற்குள் எடுக்க வேண்டாம் என்று அப்படியே விட்டேன்.

எழுந்து நின்றவள் ஓர் அடி வைத்தாள். வலது கால் துணி மாதிரி மடங்கியது. “அக்கா, கண்ணு இருட்டுது, ஒண்ணும் தெரியல” என்றாள். தூக்கி உட்கார வைத்து விரலைப் பிடிக்கச் சொன்னேன். பதினைந்து நாளில் வந்த பிடியில் ஒன்றுகூட மிச்சமில்லை. பரமசிவன் ஆட்டோவோடு வந்து கூட்டிக்கொண்டு போனார். போகும்போது நான் சொன்னது என்ன தெரியுமா? “வீட்ல வெந்நீர் ஒத்தடம் விடாம குடுங்க.”

2. திருநெல்வேலிக்கு ஒரு போன்

மறுநாள் அவள் வரவில்லை. அதற்கு மறுநாள் பரமசிவன் போன் செய்தார்.

“இனிமே வரல மேடம். நோய் கூடிட்டு. நீங்க சொன்ன மாதிரி ரெண்டு வேளையும் வெந்நீர்ல குளிப்பாட்டி, ஒத்தடமும் குடுக்கோம். குடுக்கக் குடுக்க மோசமாத்தான் ஆகுது. உங்களக் குத்தம் சொல்லல. அவ தலையெழுத்து.”

குடுக்கக் குடுக்க மோசமாகிறது என்ற வார்த்தை எனக்கு உறுத்தியது. அன்று சாயங்காலம் திருநெல்வேலியில் அவளைப் பார்த்த நரம்பியல் டாக்டருக்குப் போன் செய்தேன். என்னைவிடப் பதினைந்து வயது இளையவர்.

“ஒத்தடம் வச்சீங்களா மேடம்?”

“ஆமா சார்.”

“எங்கெங்க?”

சொன்னேன்.

“ரூம்ல ஃபேன் இருந்ததா?”

“கரண்ட் இல்ல சார். வீட்லயும் ரெண்டு வேளை வெந்நீர் ஊத்துறாங்க.”

“இது புது அட்டாக் மாதிரி தெரியல மேடம். சூட்டுனால வந்தது. முதல்ல அந்த வெந்நீர நிறுத்தச் சொல்லுங்க. குளிர்ச்சியா வச்சும் சரியாகலன்னா மட்டும் உடனே இங்க அனுப்புங்க” என்றார்.

அவர் விளக்கியதை என் மொழியில் சொல்கிறேன். மூளைக்குள் செய்தி கொண்டுபோகிற நரம்பிழைகளின் மேல் மயலின் என்று ஓர் உறை உண்டு. கொழுப்பும் புரதமும் சேர்ந்த மெல்லிய படலம், இழையைச் சுற்றிச் சுற்றி வரிசையாகப் போர்த்தியிருக்கும். உறை சரியாக இருந்தால் செய்தி தாவித் தாவி ஓடும். இசக்கியம்மாளின் நோயில், உடம்பின் எதிர்ப்புச் சக்தியே அந்த உறையை எதிரி என்று நினைத்து உரித்துவிடுகிறது. உரிந்த இடத்தில் செய்தி திக்கித் திணறித்தான் கடக்கும். அப்படித் திணறிக் கடக்கிற நரம்புக்கு உடம்புச் சூடு அரை டிகிரி ஏறினாலே போதும், செய்தி நின்றுபோகும். உடம்பு குளிர்ந்தால் மறுபடி வரும். நரம்பு செத்துவிட்டது என்று அர்த்தமில்லை.

இது என் பாடப் புத்தகத்தில் ஒரு பத்தியாக இருந்தது. பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கியிருக்கிறேன். இருபத்தாறு வருடத்தில் இந்த நோயோடு என்னிடம் வந்தவர்கள் மொத்தமே இரண்டு பேர். முதல் ஆள் மார்கழியில் வந்துவிட்டுப் போனார். அதனால் தப்பித்தேன் போலிருக்கிறது.

“அப்போ உரிஞ்சது உரிஞ்சதுதானா சார்?” என்று கேட்டேன். வளர்ந்த மூளையில் புதிதாக எதுவும் உண்டாகாது, இருப்பதைக் காப்பாற்றினால் உண்டு என்றுதான் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள்.

“அது பழைய பாடம் மேடம்” என்றார். சிரித்த மாதிரி இருந்தது.

முழுதாக வளராத ஒரு வகைச் செல்கள் மூளை முழுக்க விரவிக் கிடக்கின்றனவாம். வயதான பிறகும் இருக்குமாம். எங்காவது உறை உரிந்தால் அவை அங்கே நகர்ந்து வந்து, பெருகி, முதிர்ந்து, நரம்பிழையைப் பிடித்துப் புது உறை சுற்றும். நோய் இல்லாத பெரியவர்களுக்கும், கைக்குப் பழக்கமில்லாத ஒரு வேலையைக் கற்றுக்கொள்ளும்போது அந்தப் பாதையில் இப்படிப் புது உறை சேரும் என்று நினைக்கிறார்கள். எலிகளில் இதை நன்றாகவே பார்த்திருக்கிறார்கள், மனித மூளையிலும் அறிகுறிகள் தெரிகின்றன என்றார்.

“ஆனா பழைய உறை மாதிரியே வந்துராது. மெல்லிசா இருக்கும். சில இடத்துல செல் வந்து சேரும், ஆனா முதிராம அப்படியே நின்னுரும். ஏன் நிக்குதுன்னு முழுசாத் தெரியல. வயசு கூடக் கூட வேகம் குறையும். ஒருத்தருக்கு நல்லா நடக்கும், இன்னொருத்தருக்கு நடக்காது. அத வேகப்படுத்த இன்னிக்கு நம்பிக் குடுக்கிற மாதிரி மருந்து கிடையாது.”

“அப்ப நான் என்ன சார் செய்யட்டும்?”

“அட்டாக் வராம மருந்து பாத்துக்கும். நீங்க அந்த நரம்புக்கு வேலை குடுங்க. வேலை செய்யிற நரம்பத் தேடித்தான் அந்தச் செல்லுங்க போகுதுன்னு ஒரு எண்ணம் இருக்கு. ஒண்ணு மட்டும் நிச்சயம் மேடம். முடிஞ்சு போச்சுன்னு படுத்துட்டாங்கன்னா ஒண்ணும் நடக்காது.”

3. நான் போகாத ஒரு நாள்

இதைக் கேட்ட கையோடு நான் அவர்கள் வீட்டுக்கு ஓடியிருக்க வேண்டும். பத்து நிமிட நடைதான். போகவில்லை.

பரமசிவன் நம்பருக்கு ஒரு தடவை போன் செய்தேன். எடுக்கவில்லை. எடுக்காதது எனக்கு நிம்மதியாக இருந்தது என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். மறுநாள் வெள்ளிக்கிழமை. கூட்டம் அதிகம், சாயங்காலம் போகலாம் என்று சொல்லிக்கொண்டேன். சாயங்காலம் ஆனதும், இருட்டிவிட்டது, காலையில் போகலாம் என்றேன். உண்மைக் காரணம் பயம்தான். எங்கள் ஊர் சின்ன ஊர். ‘அந்தக் கரண்ட் அக்காகிட்டப் போனா நடந்து போறவளத் தூக்கிட்டுத்தான் வரணும்’ என்று ஒரு வாய் சொன்னால் போதும், பூ மார்க்கெட் வரைக்கும் போய்விடும். கெட்ட பேர் வாங்குவதா, தெரியாத மாதிரி இருந்துவிடுவதா என்று ஒரு முழு நாள் கணக்குப் போட்டேன். அந்த நாள் முழுக்க அவளுக்கு என் பேரைச் சொல்லி வெந்நீர் ஊற்றிக்கொண்டிருந்தார்கள்.

சனிக்கிழமை காலை போனேன். முன்னால் தறிக்கொட்டகை, பின்னால் ஒட்டினாற்போல வீடு, இரண்டுக்கும் சேர்த்து ஒரே தகரக் கூரை. பரமசிவன் என்னைப் பார்த்ததும் மோட்டாரை நிறுத்தினார். உள்ளே இசக்கியம்மாள் கட்டிலில் படுத்திருந்தாள். நெற்றியிலும் வலது கை முழுக்கவும் கோமதியம்மன் கோவிலில் பிரசாதமாகத் தருகிற புற்றுமண்ணைக் குழைத்துப் பூசியிருந்தார்கள். அந்த வீட்டில் அவளுக்குக் குளிர்ச்சியாகக் கிடைத்த ஒரே பொருள் அதுதான்.

“வாங்க மேடம். தண்ணி குடிங்க. இவளப் பாக்கவா இவ்ளோ தூரம் வந்திய? நாளையிலேர்ந்து பாவு பிணைக்க வாசுதேவநல்லூர்லேர்ந்து ஒரு ஆளு வாரான். இவளே சொல்லிட்டா, வேற ஆளப் பாத்துக்கோங்கன்னு” என்றார் பரமசிவன்.

நான் இசக்கியம்மாளிடம் கேட்டேன். “காலைல எந்திரிச்ச உடனே கை எப்படிட்டி இருக்கு?”

அவள் கூரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். “காலைல கொஞ்சம் தேவல அக்கா. டம்ளரப் பிடிச்சிருதேன். குளிச்சுட்டு வந்தா போயிருது.”

“இத யார்கிட்டயாவது சொன்னியா?”

“யாரு கேட்டா?”

யாரும் கேட்கவில்லை. முதலில் கேட்டிருக்க வேண்டியவள் நான்.

ஒரு துண்டைப் பானைத் தண்ணீரில் நனைத்து அவள் கழுத்தில் போட்டேன். இன்னொன்றைத் தலையில். கட்டிலை வேப்பமரத்துப் பக்கம் இருந்த வாசலுக்கு இழுத்துப்போட்டு, டேபிள் ஃபேனை நேராக வைத்தேன். அரை மணி நேரம் பொறுங்கள் என்றேன். பரமசிவன் தறியை மறுபடி போடாமல் சுவரில் சாய்ந்து நின்றார். நான் துண்டை நனைத்து நனைத்துப் போட்டேன். அவ்வளவு நேரமும், இது நடக்காவிட்டால் என்ன சொல்வது என்றுதான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

“இப்ப என் விரலப் பிடி” என்றேன்.

பிடித்தாள். விழுந்ததற்கு முந்தின நாள் இருந்த பிடி அப்படியே இருந்தது. பெருவிரல் மெதுவாகப் போய்ச் சுண்டுவிரலையும் தொட்டது. அவள் தன் கையையே பார்த்தாள். பிறகு அழ ஆரம்பித்தாள்.

அப்போதுதான் சொன்னேன். நோய் கூடவில்லை. சூடுதான் காரணம். அந்தச் சூட்டை முதலில் வைத்தவள் நான். வீட்டில் வைக்கச் சொன்னவளும் நான்.

பரமசிவனுக்கு விஷயம் உறைக்கக் கொஞ்ச நேரம் ஆனது. “அப்போ நாலு நாளா எம் பொண்டாட்டிய நானே வெந்நீர்ல போட்டு அவிச்சிருக்கனா?” என்றார்.

“நீங்க இல்ல. நான் சொல்லித்தான் செஞ்சீங்க.”

“படிச்சவங்கதான மேடம் நீங்க?”

படித்தவள்தான். துண்டை மறுபடி நனைத்துப் பிழிந்தேன். அவர் வெளியே போய்விட்டார். இசக்கியம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “அக்கா, அப்போ இந்தக் கை போகலையா?” என்று கேட்டாள். நான் நினைத்திருந்தபடி திட்டவில்லை, குறை சொல்லவும் இல்லை. அவளுக்கு வேண்டியது அந்த ஒரு பதில்தான்.

“போகல. முழுசா திரும்புமான்னு எனக்குத் தெரியாது. ஆனா போகல” என்றேன்.

4. வாழைநாரும் நூலும்

திங்கட்கிழமையிலிருந்து நான் அவள் வீட்டுக்குப் போனேன். காலை ஆறு மணி, வெயில் ஏறுவதற்கு முன். கழுத்தில் ஈரத்துண்டு. பச்சைத் தண்ணீர்க் குளியல். களைப்பு வருவதற்கு முன்பே நிறுத்திவிடுவது. இவ்வளவுதான் புது விதிகள். பரமசிவன் ஒரு வாரம் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஆனால் தகரக் கூரைமேல் தென்னங்கீற்றைப் பரப்பி, அதன்மேல் காலையில் தண்ணீர் விட ஆரம்பித்தார். நான் சொல்லாமலே செய்தார்.

விரல் பயிற்சிக்கு நான் கொண்டுபோன களிமண் உருண்டை, துணி மாட்டும் கிளிப், பலகையில் குத்தும் குச்சிகள் எதுவும் அவளுக்குப் பிடிக்கவில்லை. “இது சின்னப் பிள்ள விளையாட்டு அக்கா” என்று தள்ளிவிட்டாள். வாசுதேவநல்லூர் ஆள் பிணைத்துவிட்டுப் போட்ட வேஸ்ட் நூலைத்தான் கேட்டாள். நூல் வேண்டாம், அதில் தோற்றால் மனசு உடைந்துவிடும் என்று நான் பயந்தேன். பூக்கட்டும் வாழைநாரில் ஆரம்பிப்போம் என்று பேரம் பேசி வைத்தேன். மூன்றே நாளில் நாரை எறிந்துவிட்டு நூலை எடுத்துவிட்டாள்.

முதல் நாள் இருபது இழை. அதில் பதினெட்டு இழை இழுத்ததும் கையோடு வந்துவிட்டது. வலது பெருவிரலில் நூல் இருக்கிறதா இல்லையா என்றே அவளுக்குத் தெரியவில்லை. ஒரு மாதம் அப்படியேதான் ஓடியது. ஒரு நாள் அவளே கையை மாற்றினாள். வலது கை நுனிகளைச் சேர்த்துப் பிடித்துக்கொள்ள, இடது கை முறுக்கியது. முப்பத்துநான்கு வயதில், பதினைந்து வருடம் செய்த வேலையைத் தலைகீழாகக் கற்றுக்கொண்டாள். இடது கை அவளை மிகவும் படுத்தியது. “இந்தக் கைக்கு ஒரு மண்ணும் தெரியல அக்கா, மாமியா வீட்டுக்குப் புதுசா வந்தவ மாதிரி முழிக்குது” என்பாள்.

மூளைக்குள் அப்போது என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. உரிந்த இடத்தில் மெல்லிய புது உறை வந்ததா, வீக்கம் வடிந்ததால் தேறியதா, வேறு பாதை வழியாக மூளை வேலையை முடித்துக்கொண்டதா, இடது கையின் பாதையில் புது உறை சேர்ந்ததா? எல்லாமே கொஞ்சம் கொஞ்சம் நடந்திருக்கலாம் என்றுதான் டாக்டரும் சொன்னார். எனக்கு மயலின் தெரியும் என்று யாராவது பிசியோதெரபிஸ்ட் சொன்னால் நம்பாதீர்கள். எங்களுக்குத் தெரிவது விரல் மட்டும்தான்.

ஆடி பிறந்ததும் ஒரு சண்டை வந்தது. ஆடித்தபசுத் திருவிழாவுக்குக் கொடியேறியதும் கோவிலை வலம் வந்து ஆடிச்சுற்று சுற்றுவார்கள். நூற்றெட்டுச் சுற்று சுற்றுவதாக இசக்கியம்மாள் நேர்ந்திருந்தாள். நான் கூடவே கூடாது என்றேன். “அம்மன்கிட்டப் போய் கரண்ட் அக்கா வேண்டாம்னுட்டாங்கன்னு சொல்லவா?” என்றாள். கடைசியில், நடை திறந்ததும் விடியற்காலையில் ஒன்பது சுற்று, பன்னிரண்டு நாள், கழுத்தில் ஈரத்துண்டோடு என்று முடிவானது. கணக்குச் சரியாக வந்தது. அவள் காலும் அதைத் தாங்கியது. பயிற்சி என்று நான் சொல்லியிருந்தால் அவ்வளவு நடந்திருப்பாளா என்பது சந்தேகம்தான்.

ஐப்பசியில் திரும்ப ஸ்கேன் எடுத்தார்கள். பரமசிவன் ஃபிலிமைத் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு, “வெள்ளப் புள்ளி அப்படியேதான இருக்கு சார்? ஒண்ணும் ஆறலியே” என்றார். அன்று நானும் கூடப் போயிருந்தேன்.

டாக்டர் சொன்னார். “புதுப் புள்ளி ஒண்ணும் இல்ல, அதப் பாருங்க முதல்ல. பழைய புள்ளில புது உறை வந்திருக்கா, வெறும் தழும்பா இருக்கான்னு இந்தப் படத்துல பிரிச்சுச் சொல்ல முடியாது. படம் இருக்கட்டும். உங்க வீட்டம்மா என்ன செய்யிறாங்க, அதச் சொல்லுங்க.”

பரமசிவன் யோசித்தார். “நேத்து எனக்கு முன்னாடி அறுவது இழ பிணைச்சா. நாலுதான் சார் போச்சு” என்றார். அதைச் சொல்லும்போதுதான் அவருக்கே அது எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரிந்தது போலிருந்தது.

5. தறி ஓடியது

கார்த்திகை மாதம் ஒரு பாவு முடிந்தபோது பரமசிவன் வாசுதேவநல்லூர் ஆளைக் கூப்பிடவில்லை. என்னிடமும் எதுவும் சொல்லவில்லை. வழக்கம் போல ஆறு மணிக்குப் போனபோது, இசக்கியம்மாள் ஈரத்துண்டோடு தறிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். முன்பெல்லாம் ஒரே நாளில் முடிக்கிற வேலை. இப்போது காலையில் மூன்று மணி நேரம் மட்டும் என்று ஐந்து நாள் எடுத்தது. ஐந்து நாளும் ஒரு தறி சும்மா நின்றது. நாலு தறிக்காரருக்கு அது சின்ன விஷயமில்லை. அவர் வாயைத் திறக்கவில்லை.

பிணைத்த இழையெல்லாம் தறியில் விழுது என்கிற நூல்கண்ணிகளுக்குள்ளும் அச்சு என்கிற சீப்புக்குள்ளும் நுழைந்து இந்தப் பக்கம் வர வேண்டும். சரியாக முறுக்காத பிணைப்பு அந்த இடத்தில் அறுந்துவிடும். ஒளிக்கவோ சமாளிக்கவோ முடியாது. ஆறாம் நாள் காலை பரமசிவன் பாவை மெதுவாக முன்னால் இழுத்தார். நாங்கள் மூன்று பேரும் இழைகளையே பார்த்தோம்.

முப்பத்தொரு இழை அறுந்தது. அவள்தான் எண்ணினாள். பரமசிவன் குனிந்து அவற்றை ஒவ்வொன்றாக எடுத்து முடிச்சுப் போட்டார். பிறகு மோட்டாரை ஓடவிட்டார். தறி ஓடியது.

“முன்னாடியெல்லாம் அஞ்சு, ஆறுக்கு மேல அறாது” என்றாள் இசக்கியம்மாள்.

“ஏட்டி, அந்த வாசுதேவநல்லூர்க்காரன் பிணைச்சப்போ எத்தன அறுந்ததுன்னு எண்ணுனியா நீ? வாய மூடிட்டு உக்காரு” என்றார் பரமசிவன். தறிப் பக்கமாகவே திரும்பி நின்றுகொண்டார்.

நான் தொழிலில் இருந்த இருபத்தாறு வருடத்தில் அவ்வளவு சந்தோஷப்பட்ட காலை இன்னொன்று இல்லை.

வாசலுக்கு வந்து செருப்பைப் போடும்போது அவளும் கூட வந்தாள். “அக்கா, அன்னிக்கு மட்டும் நீங்க விஷயம் தெரிஞ்ச உடனே ஓடி வரலன்னா, நான் இன்னமும் படுத்துத்தான கிடப்பேன்” என்றாள். நன்றியாகத்தான் சொன்னாள்.

பேசாமல் வந்திருக்கலாம். அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு அப்படி வர முடியவில்லை.

“தெரிஞ்ச உடனே வரலட்டி. வியாழக்கிழம சாயங்காலமே எனக்குத் தெரியும். வெள்ளிக்கிழம முழுக்க வீட்டுக்கும் கடைக்கும் நடந்துக்கிட்டிருந்தேன். ஊர்ல என்ன பேசுவாங்களோன்னு பயம்.”

உள்ளே தறிச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

“வெள்ளிக்கிழமதான் அக்கா” என்றாள். “அன்னிக்கு மத்தியானம் குளிச்சுட்டு வந்து கையத் தூக்கிப் பாத்தேன், வரல. நானே அவங்களக் கூப்பிட்டு, இனிமே என்ன எதிர்பாக்காதீங்க, வேற ஆளப் பாருங்கன்னு சொன்னேன். அத வாயாலச் சொல்லதுக்கு எவ்வளவு நேரமாச்சு தெரியுமா?”

எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வழியும் இல்லை. மன்னிச்சுக்கோ என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் என் கையைப் பிடித்தாள். வலது கையால், நல்ல பிடி.

“விடுங்க. அடுத்த ஆளுக்கு அன்னிக்கே போயிருங்க, அக்கா.”

அதற்குப் பிறகு தொழிலில் இருந்த வருடங்களில் அப்படி என் தப்பைச் சொல்ல இரண்டு வீடுகளுக்குப் போக வேண்டியிருந்தது. இரண்டு தடவையும் அன்றைக்கே போனேன்.